மீனாம்பிகைக்குக் கிடைக்காத கொந்தராத்து

என் மூத்த அண்ணன் வல்லிபுரம் செத்தபோது ஊர்காவற்றுறைப் பக்கமெல்லாம் ஒரே பேச்சு. கடலுக்குள் கல் வைத்துக் கட்டத் தெரிந்த ஒரே கொந்தராத்துக்காரரும் போய்விட்டார் என்றார்கள். செத்தவீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகைக்கு நடுவில் கோபமும் வந்தது. அண்ணன் நல்ல மனிதர். ஒருவருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் அவருக்குச் சீமெந்துக்கும் அடுப்புச் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாது. கூடப் பிறந்த நானே சொல்கிறேன், வேறு யாரும் வந்து சொல்லத் தேவையில்லை.

கட்டியவர் அவருடைய மனைவி மீனாம்பிகை. எனக்கு மச்சாள். நாரந்தனையில் எங்கள் வளவுக்கும் அவர்கள் வளவுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அந்த வேலியில் ஆள் நுழையும் அளவுக்குப் பொட்டு வைத்துப் போய்வந்தவள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும்.

அண்ணன் முதலில் தெற்கே ஒரு பட்டினத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். எங்கள் தகப்பனார் தொடங்கிய கடை அது. எங்கள் தீவு ஆட்கள் வெளியூரில் கடை போட்டால் அதற்கு ஒரு விலாசம் வைப்பார்கள். தொடங்கினவரின் பெயரே விலாசம். அவர் செத்துப் போய், மகன் போய், பேரன் கல்லாவில் இருந்தாலும் விலாசம் மாறாது. கல்லாவில் யார் இருக்கிறாரோ அவர் அந்த விலாசத்தின் பெயரில் ஒப்பமிடுவார். மாற்றினால் இலட்சுமி இறங்கிப் போய்விடுவாள் என்ற பயம் ஒரு பக்கம், பெற்றவனை மறந்தவன் என்ற பழி மறுபக்கம். செத்தவர் பெயரில் ஒப்பம் வைப்பது பொய் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அதை மரியாதை என்றுதான் நினைத்தோம்.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடையை எரித்தார்கள். அண்ணன் உடுத்த வேட்டியோடு கப்பலில் வந்து இறங்கினார். அதன்பிறகு சாய்மனைக் கதிரையில் சாய்ந்தவர்தான். யாரோ சொந்தக்காரர் இரக்கப்பட்டு அவரை அரசாங்கக் கட்டுவேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் கொந்தராத்துக்காரராகப் பதிவு செய்வித்தார். முதல் வேலை ஒரு பள்ளிக்கூடத்துக் கிணற்றுக் கட்டு. அண்ணன் ஒரு நாள் போனார். வெயிலில் தலையிடி என்று திரும்பி வந்தார். மறுநாள் மச்சாள் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

மச்சாளுடைய தகப்பன் நாகமுத்து சுண்ணாம்புச் சூளை வைத்திருந்தவர். ஊரில் பாதிக் கிணறும் மதிலும் அவர் ஆள் வைத்துக் கட்டுவித்தவை. மச்சாள் அந்தச் சூளையடியில் வளர்ந்தவர். கிணற்றில் தொடங்கி, வாய்க்கால், மதகு, நயினாதீவில் மழைத்தண்ணீர்த் தொட்டி, கடைசியில் கடலணை என்று வேலைகள் வளர்ந்தன. கடலுக்குள் ஒரு கல் வைப்பதற்கு முன் இரும்புக் கம்பியால் அடியைக் குத்திக் குத்திப் பார்ப்பார். கம்பி எங்கே முட்டி நிற்கிறதோ அங்கேதான் கல் இறங்கும். கம்பி சேற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் பனங்குற்றிகளை நெருக்கி அடிப்பித்து, அதன்மேல் கடலில் எடுத்த முருகைக்கல்லைப் பரப்புவிப்பார். காற்று விழுந்த பங்குனி சித்திரையில்தான் கடல்வேலை. சோளகக் காற்று எழும்பிவிட்டால் எந்தப் பெரியவர் வந்து அவசரப்படுத்தினாலும் அசையமாட்டார்.

மச்சாளை இனிமையான மனுசி என்று நான் சொல்லமாட்டேன். வாய் பொல்லாதது. மேசன் லியோன் அவரிடம் வாங்காத பேச்சில்லை. கூலியாட்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் தேய்ந்து போவார் போல நடப்பார். ஆனால் கூலியை ஒருநாளும் பிந்திக் கொடுத்தவரல்ல. அவர் கட்டிய எதுவும் வெடித்ததும் இல்லை.

வேலைக்கான கடதாசிகளில் எல்லாம் “வல்லிபுரம்” என்று மச்சாள்தான் ஒப்பமிட்டார். அது கடை விலாசம் போலத்தான் என்று நினைத்தார், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மேற்பார்வைக்கு வரும் ஓவசியர் வாசல் படலையில் நின்று, “வல்லிபுரத்தார் நிக்கிறாரோ?” என்று மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்பார். பிறகு மச்சாளோடுதான் அளவு பேசுவார். அண்ணன் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஊருக்கே தெரிந்த விஷயம் இது. தெரியாதது போல இருப்பதுதான் ஊருக்கு வசதியாக இருந்தது.

அறுபத்தெட்டில் அண்ணன் பாரிசவாதத்தில் போனார். மச்சாள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். விலாசத்தை மாற்றவில்லை. எங்களில் யார்தான் மாற்றியிருக்கிறோம்?

தாழையடித் துறைக்கு இறங்குதுறை கட்ட, யார் என்ன தொகைக்குச் செய்வார்கள் என்று கேள்வி கோரியது எழுபத்தொன்றில். மேற்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறை அது. வள்ளத்திலிருந்து இறங்கினால் முழங்கால் வரை சேறு. மாரியில் அது தொடை வரை வரும். மீன்கூடையோடு பெண்கள் அந்தச் சேற்றைக் கடந்துதான் வீதிக்கு வரவேண்டும். வருத்தக்காரரை ஆசுப்பத்திரிக்கு அதற்குள்ளால்தான் தூக்கிப் போவார்கள். அங்கே மீன் விற்கும் எமிலியின் தாயை மூச்சு இழுவை வருத்தத்தோடு அப்படித் தூக்கிப் போகும்போது தூக்கினவர் சறுக்கி, கிழவி தண்ணீருக்குள் விழுந்து, ஆசுப்பத்திரிக்குப் போக முன்னமே அடங்கிப்போனார். அதற்குப் பிறகுதான் துறைக்குப் பொறுப்பான சபை கண் திறந்தது. எந்தச் சபை என்று பெயர் சொல்லமாட்டேன், அவர்களுக்கு அந்த மரியாதை போதும்.

கேள்விக்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். கேள்வி போடுபவர் பதிவு பெற்ற கொந்தராத்துக்காரராக இருக்கவேண்டும், கடல்வேலை செய்து முடித்தவராகவும் இருக்கவேண்டும். நல்ல நிபந்தனைதான். கடல் தெரியாதவன் கையில் வேலை போகக்கூடாது என்பதற்காக வைத்தது. மச்சாள் வழக்கம்போல விலாசத்தின் பெயரில் போட்டார். அவருடைய தொகைதான் ஆகக் குறைந்தது. சபையும் வேலையை “வல்லிபுரத்துக்கு” என்று எழுதிக் கொடுத்தது. செத்து மூன்றாம் வருடம் அண்ணனுக்கு வேலை கிடைத்தது.

அதை விட்டுக்கொடுக்காதவர் பட்டணத்துக் கொந்தராத்துக்காரர் செல்வரத்தினம். நல்ல சட்டை, நல்ல கார், பெரிய இடத்துப் பழக்கம். அவரும் கேள்வி போட்டுத் தோற்றவர். அவருடைய கடல்வேலை என்னவென்றால் ஒரு மீன்சந்தைக்கு அத்திவாரம் போட்டது. மீன் கடலிலிருந்து வருவதால் அதுவும் கடல்வேலை என்று எடுத்துக்கொண்டார்கள் போலும். அதைப் பற்றி ஒருவரும் வழக்குப் போடவில்லை. அவர்தான் போட்டார். செத்தவருக்குக் கொடுத்த வேலை செல்லாது, அந்தப் பெண்ணுக்குப் பதிவும் இல்லை, கடல்வேலை அனுபவமும் இல்லை, ஆகவே அடுத்த தகுதியாளனான எனக்குத் தரவேண்டும் என்று. வேலை தொடங்கக் கூடாதென்று தடையும் வாங்கிவிட்டார். பங்குனி வந்து, காற்று விழுந்து, கடல் கண்ணாடியாகக் கிடந்தது. மச்சாள் எடுப்பித்த கல் கரையில் குவிந்து கிடந்தது.

எங்கள் வழக்கை எடுத்திருந்த பிறக்கிராசியார் அம்பலவாணர் மச்சாளைக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன்.

“பிள்ளை, ரெண்டு வழி இருக்கு,” என்றார். “வேலையெல்லாம் வல்லிபுரத்தார்தான் செய்தவர், அவரோடை நிண்ட மேசன் லியோன் இப்பவும் உங்களோடை நிக்கிறான், அதாலை அந்த அனுபவம் விட்டுப்போகேல்லை எண்டு சொல்லலாம். அப்பிடிச் சொன்னால் வெல்ல இடமிருக்கு.”

“மற்றது?”

“மற்றது உள்ளதைச் சொல்லுறது. அதிலை எனக்கு நம்பிக்கை குறைவு. அவர் செய்யேல்லை எண்டு நீங்களே சொன்னால், அவற்றை பேரிலை கிடக்கிற அத்தாட்சி ஒண்டும் உங்களுக்கு உதவாது.”

லியோனும் வந்திருந்தான். “அக்கா, நான் சொல்லிறன். எல்லாம் ஐயாவும் நானும் செய்தது எண்டு சொல்லிப்போட்டுப் போறன். எனக்கென்ன?” என்றான்.

“நீ மேசன். நான் காட்டின இடத்திலை கல் வைச்சனி,” என்றார் மச்சாள். “உன்னை ஏன் கொந்தராத்துக்காரன் ஆக்கவேணும்? நான் இருக்கிறன்தானே.”

வீட்டுக்கு வந்தால் அங்கே எங்கள் சித்தப்பா சரவணமுத்து காத்துக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு எப்படியோ முந்திவிட்டது. “செத்தவனைச் சந்தி சிரிக்க வைக்கப் போறியோ? பெண்சாதி உழைக்க அவன் கதிரையிலை கிடந்தவன் எண்டு கோட்டிலை சொல்லப் போறியோ?” என்று கேட்டார். மச்சாள் குசினிக்குள் போய் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். சித்தப்பா அதைத் தொடாமல் எழும்பிப் போனார்.

அன்று மச்சாள் என்னிடம் ஒன்று கேட்டார். “இரஞ்சிதம், அவர் உன்ரை அண்ணன். நான் என்ன சொல்ல?”

“அண்ணன் இருந்தால் அவரே சொல்லியிருப்பார்,” என்றேன். அது உண்மை. அண்ணன் தன்னுடைய சோம்பலை ஒருநாளும் மறைத்தவரல்ல. என்னுடைய மீனாம்பிகை கட்டினது என்று வருவோர் போவோரிடம் சொல்லிச் சிரித்தவர். கேட்டவர்கள்தான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டார்கள்.

வழக்கு நடந்த மண்டபத்தை நினைத்தால் இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது. நீதிபதி தமிழர். வாதாடிய இரண்டு பக்கத்து அப்புக்காத்தர்மாரும் தமிழர். சாட்சி சொல்பவர் நாரந்தனைத் தமிழச்சி. பேசியதெல்லாம் ஆங்கிலம். மச்சாள் சொல்வதைக் கோட்டில் மொழிபெயர்க்கும் முதலியார் ஆங்கிலத்தில் சொல்லும்வரை, தமிழ் விளங்காதவர்கள் போல எல்லோரும் காத்திருந்தார்கள். சபைக்காக வந்தவர் எந்தப் பக்கமும் சாயாமல் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாங்கள் கொடுத்த வேலைக்கு ஒரு வார்த்தை பேசக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

எதிர்ப்பக்கத்து அப்புக்காத்தர் எழும்பினார். கேள்விகளை முதலியார் தமிழில் கேட்டார்.

“நயினாதீவுத் தொட்டி கட்டினது ஆர்?”

“நான்.”

“வீதி மதகுகள்?”

“நான்.”

“கடலணை?”

“அதுவும் நான்தான்.”

“அப்ப உங்கடை புருஷன் என்ன செய்தவர்?”

மண்டபத்தின் பின்வரிசையில் எங்கள் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சித்தப்பா பொல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மச்சாள் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அந்த ஒரு கேள்விக்கு மாற்றிப் பதில் சொல்லியிருந்தால் வேலையும் கிடைத்திருக்கும், எங்கள் குடும்பமும் அவரைத் தலையில் வைத்திருக்கும். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“அவர் வீட்டிலை இருந்தவர்,” என்றார்.

“கடதாசியெல்லாம் அவற்றை பேரிலை கிடக்குதே?”

“எங்கடை ஆக்கள் தொழிலை அப்பிடித்தான் செய்யிறவை. பேர் அவற்றை. வேலை என்ரை. அதை மறைக்கவேணும் எண்டு நான் நினைக்கேல்லை.”

அப்புக்காத்தர் சந்தோஷமாக உட்கார்ந்தார். பிறகு மச்சாளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பி வெளியே போனார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் மச்சாளுக்குப் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன்.

தீர்ப்பைப் பிறக்கிராசியார்தான் வாசித்து விளங்கப்படுத்தினார். இந்தப் பெண்ணின் சாட்சியம் நேர்மையானது, அதை முழுவதுமாக நம்புகிறேன் என்று நீதிபதி எழுதியிருந்தாராம். முன்னைய வேலைகளைச் செய்தவர் இவரே என்பதில் சந்தேகமில்லை என்றும் எழுதியிருந்தாராம். நான் ஒரு கணம் வென்றுவிட்டோம் என்றே நினைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் முடிவு வந்தது. இவர் செய்தார், ஆனால் பதிவும் அத்தாட்சியும் இவர் பெயரில் இல்லை. பெயருக்கு உரியவர் செய்யவுமில்லை, உயிரோடும் இல்லை. ஆகவே தகுதியுள்ள ஆள் என்று இந்தப் பக்கத்தில் எவரும் இல்லை. வேலை செல்வரத்தினத்துக்கு.

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் புத்தி இருக்கிறது. கட்டத் தெரியாதவன் கையில் வேலை போகக்கூடாது என்று வைத்த நிபந்தனை அது. கட்டத் தெரிந்தவர் யார் என்று கோடே விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்த கையோடு வேலையைத் தூக்கித் தெரியாதவனிடம் கொடுத்துவிட்டது. இதைச் செய்வதற்கு இத்தனை கறுப்புக்கோட்டு எதற்கு? நேர்மைக்கான பாராட்டை மச்சாள் என்ன, உலையில் போட்டுச் சோறாக்கவா?

மச்சாள் அதற்குப் பிறகு கரையில் குவித்த கல்லைப் பார்க்கவும் போகவில்லை. ஊர் பேசியது. புருஷனைக் காட்டிக்கொடுத்தவளுக்குக் கடவுள் கொடுத்த கூலி என்றார்கள் எங்கள் பெண்கள். கிணற்றடியில் அதை என் காதுபடச் சொன்னவளோடு நான் இன்றுவரை கதைப்பதில்லை.

சோளகம் அடங்கிய ஒரு நாள் செல்வரத்தினத்தின் கார் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து நின்றது. கையில் ஒரு பெட்டி முந்திரிகைப்பழம். மச்சாள் கதிரையைக் காட்டினார். நான் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து குசினி வாசலில் நின்றேன்.

“அக்கா, மனசிலை வைச்சிருக்கக் கூடாது,” என்று தொடங்கினார். “வழக்கு வேறை, தொழில் வேறை. எனக்குக் கடல் பிடிபடுகுதில்லை. ஆக்கள் ரெண்டு தரம் கல் இறக்கினவங்கள், ரெண்டு தரமும் சேத்துக்குள்ளை போட்டுது. நீங்கள் வந்து நிண்டு செய்விச்சால் நல்ல கூலி தாறன்.”

“ஆற்றை பேரிலை?”

“என்ரை பேரிலைதான். கோடு அப்பிடிச் சொல்லிப்போட்டுது, நான் என்ன செய்ய?”

வேறொருவர் பெயரில் வேலை செய்தவர் என்று சொல்லித்தான் மச்சாளைத் தள்ளினார்கள். தள்ளுவித்த மனிதன் வந்து தன் பெயரில் செய்து தரும்படி கேட்கிறார். அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. முந்திரிகைப்பழப் பெட்டியைத் தூக்கி அந்த முகத்தில் எறியவேண்டும் போல இருந்தது எனக்கு. மச்சாள், “ஏலாது. நீர் போயிட்டு வாரும்,” என்று மட்டும் சொன்னார். பெட்டியையும் காருக்குள் வைப்பித்தார்.

ஆனால் மாரி தொடங்கியது. சேற்றுக்குள் புதைந்த கல்லால் துறை முன்னையைவிட மோசமாகிவிட்டது. ஒரு காலை எமிலி மீன்கூடையோடு படலைக்கு வந்தாள். காலில் கல் வெட்டிய காயத்துக்குச் சீலை சுற்றியிருந்தாள். மீனை விற்கவில்லை, அப்படியே நின்றாள்.

“அக்கா, ஆற்றை பேரிலை கட்டினால் எங்களுக்கென்ன? காலுக்குக் கீழை கல்லு இருந்தால் சரி,” என்றாள். “அம்மா போனமாதிரி இன்னொருத்தர் போகக்கூடாது.”

மச்சாள் அந்தக் கிழமையே செல்வரத்தினத்துக்குச் சம்மதம் சொல்லி, லியோனுக்கும் ஆள் அனுப்பினார். எனக்கு அதில் சம்மதமில்லை, வாய்விட்டுச் சொன்னேன். “எமிலியிட்டைப் போய்ச் சொல்லு,” என்றார்.

பங்குனியில் தொடங்கினார்கள். சீமெந்துக்கு நாடே தவித்த காலம். மச்சாள் கிடைத்த சீமெந்தை மேலுக்கு மிச்சம் பிடித்து, அடியில் தகப்பன் செய்தது போலச் சுண்ணாம்பும் கல்லும் வைத்துக் கட்டுவித்தார். புதைந்த கல்லையெல்லாம் தோண்டி எடுப்பித்து, பனங்குற்றி இறக்கி, அடுத்த வருடச் சித்திரைக்குள் துறை எழும்பியது. வள்ளம் வந்து படியில் முட்ட, கூடையோடு பெண்கள் கால் நனையாமல் இறங்கினார்கள். திறப்புவிழாவுக்குப் பெரியவர்கள் வந்தார்கள். செல்வரத்தினத்துக்கு மாலை போட்டார்கள். கட்டியவர் செல்வரத்தினம் என்று கல்லில் வெட்டிப் பதித்தார்கள். மச்சாள் பெண்களோடு பெண்ணாகப் பின்னால் இருந்தார். ஒரு கிளாஸ் சர்பத் கொடுத்தார்கள். செல்வரத்தினம் பேசும்போது சமுத்திரத்தோடு தான் நடத்திய போராட்டத்தைப் பற்றிச் சொன்னார். லியோன் இருமினான், வேறு சத்தமில்லை.

அந்தத் துறைதான் செல்வரத்தினத்தைத் தூக்கி விட்டது. கடல்வேலை என்றால் செல்வரத்தினம் என்றானது. மச்சாளோ தன் பெயரில் பதிவு எடுப்பதற்கு நடையாய் நடந்தார். பொம்பிளைக்கு எதற்கு என்று ஒரு இடத்தில், வயது கூடிப்போச்சு என்று இன்னொரு இடத்தில். எழுபத்தாறில் எப்படியோ கிடைத்தது. மச்சாள் சிரித்து நான் பார்த்த சில நாட்களில் அது ஒன்று.

எழுபத்தொன்பதில் நெடுந்தீவுப் பக்கம் இன்னொரு இறங்குதுறைக்குக் கேள்வி வந்தது. இம்முறை தன் சொந்தப் பெயரில், தன் சொந்த ஒப்பத்தில் போட்டார். சபையில் வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் தம்பையா என்று ஒரு படித்த இளம் உத்தியோகத்தர். கூப்பிட்டார், போனோம்.

“அம்மா, பதிவு சரி. கடல்வேலை செய்த அத்தாட்சி எங்கை?”

மச்சாள் தாழையடித் துறையைச் சொன்னார். அதற்குச் செல்வரத்தினத்தைக் கேட்டிருக்கிறார்கள். மீனாம்பிகை அக்கா வந்து பார்த்துக்கொண்டு நின்றவர், கூலியும் கொடுத்தாயிற்று என்று சொல்லியிருக்கிறார். மச்சாள் பழைய வேலைகளைச் சொன்னார். கோடே அவற்றை நான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டது என்றார். தம்பையா அந்தத் தீர்ப்பை வாசித்திருந்தார். அவை அத்தாட்சியாகா என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டு, வயதில் தாய் போன்றவரிடம் சொன்னார்:

“அம்மா, முதல் உங்கடை புருஷன்ரை வேலையை உங்கடை எண்டு சொன்னீங்கள். இப்ப செல்வரத்தினத்தாற்றை வேலையையும் உங்கடை எண்டு சொல்லுறியள். உங்களுக்கு இது ஒரு பழக்கமாப் போச்சுது.”

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். மச்சாள் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். படியிறங்கும்போது அவருடைய கையைப் பிடித்தேன், உதறவில்லை. அதிலிருந்துதான் அவருக்கு எவ்வளவு நொந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. பிறக்கிராசியார் மறுபடியும் கோட்டுக்குப் போகலாம் என்றார்.

“என்னத்துக்கு?” என்றார் மச்சாள். “திரும்பவும் உண்மையைச் சொல்லுறதுக்கோ?”

அதோடு கொந்தராத்து முடிந்தது. லியோன் வேறு இடம் பார்த்துப் போனான். மச்சாள் தோட்டத்தில் வெங்காயம் வைத்தார், ஆடு வளர்த்தார். நெடுந்தீவு வேலை யாருக்குப் போனதென்று சொல்லத் தேவையில்லை.

எண்பத்தொன்று மாரியில் தாழையடியில் கடல் கரைபுரண்டது. ஒரு பெரிய வள்ளம் கட்டறுந்து வந்து துறையின் கடல்பக்கத் தலைப்பில் மோதி மோதி நின்றது. தலைப்பு சரிந்து படிகள் பிளந்துவிட்டன. செல்வரத்தினம் ஆள் அனுப்பினார். அவர்கள் பிளவுக்குள் சீமெந்தை ஊற்றினார்கள். அலை வந்து வழித்துக்கொண்டு போனது. மறுபடி ஊற்றினார்கள். அடியில் என்ன கிடக்கிறது, எங்கே குற்றி, எங்கே கல் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பேசாமல் கருவிகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த கிழமை தம்பையா ஜீப்பில் வந்தார். பின்னால் துறையாட்கள் கொஞ்சப் பேர். எமிலியும் நின்றாள். மச்சாள் முற்றத்தில் வெங்காயத்தின் தாள் நறுக்கித் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். எழும்பவில்லை.

“அம்மா, அடியிலை எப்பிடிக் கட்டியிருக்கெண்டு தெரிஞ்சால்தான் திருத்தலாம்,” என்றார் தம்பையா. குரல் நல்ல பணிவு. “நீங்கள்தானே கட்டினனீங்கள்.”

அதே வாய். அதே மனிதன்.

மச்சாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். “அதை ஒரு கடதாசியிலை எழுதித் தாரும் தம்பி. இப்பவே வாறன்.”

தம்பையா துறையாட்களைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். “அது எப்பிடி அம்மா? கட்டினது ஆரெண்டு கல்லிலையே கிடக்கு. அதுக்கு மாறாய் நான் எழுத ஏலாது.”

“அப்ப கட்டினவரைப் போய்க் கேளும்,” என்றார் மச்சாள்.

மச்சாளும் எமிலியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எமிலி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். ஜீப் போன பிறகும் மச்சாள் வெங்காயத்தைத் தொடவில்லை. “அவள் என்ன பாவம் செய்தவள்?” என்று மட்டும் கேட்டார்.

துறை இன்னும் சரிந்துதான் கிடக்கிறது. பெண்கள் மறுபடியும் சேற்றுக்குள் இறங்குகிறார்கள். சபை ஒரு தகுதியுள்ள ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறதாம். போன கிழமை பஸ்ஸில் எனக்கு முன் இருந்த இரண்டு பேர் அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் கேட்டான், ஆர் கட்டினது அந்தத் துறை என்று. கால் நனையாமல் சனம் இறங்கிய அத்தனை வருடமும் இந்தக் கேள்விக்குச் செல்வரத்தினம் என்றுதான் பதில் சொன்னார்கள். மற்றவன் யோசிக்காமல் சொன்னான்:

“அது நாரந்தனை மீனாம்பிகை கட்டினது. பொம்பிளை கட்டினால் வேறை எப்பிடி நிக்கும்?”